குதிரை வீட்டில் ஏறிய சிப்பாய்

உன் பச்சைத் தகரப் பெட்டிக்குள் கிடந்த தாள் இப்போது என் மடியில் இருக்கிறது. அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. எட்டு நாளாகக் காற்றில் வைத்துப் பார்த்துவிட்டேன், விரித்தால் மூக்கில் ஏறுகிறது. சேலை மடிப்புக்கு இரண்டு உருண்டை வைக்காவிட்டால் உனக்கு மனசு ஆறாது. நீ சோறு போட்டுக் கொடுத்தால் தட்டிலும் அந்த வாசம்தான் இருக்கும்.

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்து, சேலைகளைப் பங்கு வைக்க உன் மகள் பெட்டியைத் திறந்தபோது இது அடியில் இருந்தது. மாவட்ட மகளிர் சதுரங்கப் போட்டியில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நீயும் நானும் கடைசி ஆட்டம் ஆடினோமே, அந்த ஆட்டத்தை நகர்த்த நகர்த்த நீ எழுதிய தாள். இருபத்தெட்டு வருஷத்தில் பேனா மை வெளுத்துவிட்டது. கடைசிக்குப் பக்கத்தில் ஒரு நகர்த்தலைச் சுற்றிப் பென்சில் வட்டம். அதன் கீழே பென்சிலால் ஒரே வரி: 'அக்கா மறக்க மாட்டா.'

உன் மகள் அதைச் சொந்தபந்தம் நடுவில் உரக்க வாசித்தாள். "பாத்தீங்களா பெரியம்மா, ஒங்க ஞாபகசக்திக்கு அம்மா சர்டிபிகேட்டு எழுதி வச்சிருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல் தெரியச் சிரித்தேன். அது சர்டிபிகேட் இல்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கன்னிவாடி வீட்டில் யார் எந்த வருஷம் என்ன பேசினார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் விஷயம் ஆறிப்போகும், அதனால் எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் வைத்தே பழகிவிட்டேன். உன் கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றாமல் தாண்டிப் போன உன் அண்ணனின் சட்டை நிறம்வரை சொல்வேன். நீ கிண்டல் செய்வாய். "அக்கா, அந்த ரசம் இந்நேரம் காஞ்சு போயிருக்கும், விட்டுரு" என்பாய். நான் விட்டதில்லை. உன்மேலும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இதை எழுத உட்கார்ந்தபோதுகூட அந்தப் பட்டியல்தான் முதலில் கைக்கு வந்தது.

பட்டியலில் முதல் வரி மாமா சொன்னது. நம் மாமனார் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தார் அல்லவா, அவரோடு ஆட வந்துகொண்டிருந்த ஆம்பளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஆட ஆள் வேண்டும் என்று எனக்குக் காய் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நான்கு வருஷம் அவருக்கு நான் ஒருத்திதான் ஜோடி. அப்புறம் நீ என் வீட்டுக்காரரின் தம்பியைக் கட்டிக்கொண்டு எனக்கு ஓரகத்தியாக இந்த வீட்டுக்குள் வந்தாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். உனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது மாமா இல்லை, நான். அடுப்படியில் பலகையை விரித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் நீ மாமாவைத் தோற்கடித்தாய். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சந்தோஷம் நான் ஜெயித்த நாட்களில் வந்ததில்லை. மறுநாள் நான் பலகையை எடுத்துக்கொண்டு போனபோது சொன்னார்: "மூத்தவளே, நீ போய் வெஞ்சனத்தைப் பாரு. சின்னவ உக்காரட்டும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றைக்குக் கத்தரிக்காய் தாளித்தேன். அதில் உப்புப் போட மறந்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். மறக்கவில்லை.

மாமாவின் ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால், எந்தக் காயின் வீட்டில் ஏறுகிறதோ அந்தக் காயாக மாறும். யானை நின்று தொடங்கும் வீட்டில் ஏறினால் யானை, குதிரை வீட்டில் ஏறினால் குதிரை. ராணி வேண்டும் என்றால் ராணி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவருக்கு அவர் அப்பா சொன்னது. நான் அதையே உனக்குச் சொன்னேன். ஊருக்கெல்லாம் அதுதான் விதி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பேரூராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தவள் நீ. ஜெயித்தவரை மாநிலப் போட்டிக்கு மெட்ராசுக்கு அனுப்புவார்களாம். இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது தயங்கித் தயங்கி உன் புருஷனிடம் கேட்டாய். அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "போ, அண்ணியையும் கூட்டிட்டுப் போ. ஜெயிச்சா நானே மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். தோத்தா அத்தோட பலகையைத் தொடக் கூடாது. ஒன் ஆட்டத்துல தெனமும் சோறு கொழையுது." எனக்கு யாரும் நிபந்தனை வைக்கவில்லை. நான் ஜெயிப்பேன் என்று ஒருவரும் நினைக்காததால் எனக்கு அது தேவைப்படவில்லை. இதுவும் பட்டியலில் இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். உன் மகளுக்கு அப்போது இரண்டு வயது, உன் இடுப்பிலேயே இருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு நடுவர் மைக்கைத் தட்டி, விதிகளைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள் என்றார். அதே நேரம் குழந்தை வீறிட்டு அழுதது. நீ தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடினாய். "அக்கா, என்ன சொல்றாகன்னு கேட்டு வையி" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாய்.

நான் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்றார். கோட்டை கட்டுவதைப் பற்றிச் சொன்னார், அது நமக்குத் தெரிந்ததுதான். பிறகு ஒரு சிப்பாயைக் கையில் தூக்கிக் காட்டினார். இது எந்த வீட்டில் ஏறினாலும் நீங்கள் விரும்பிய காயை எடுத்துக்கொள்ளலாம், ராணியே வேண்டும் என்றாலும் எடுக்கலாம் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமாவின் விதி அந்த ஹாலுக்குள் செல்லாது என்று புரிந்தது.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நீ வந்தாய்.

"என்னக்கா சொன்னாக?"

"தொட்ட காயை நகட்டணுமாம். வேறொண்ணுமில்ல."

இதை எழுதத்தான் இத்தனை நாளாக இந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உனக்குத் துரோகம் செய்ய வேண்டும் என்று முடிவுகட்டி அதைச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. வாயில் அப்படித்தான் வந்தது. ஆனால் வந்த பிறகு திரும்ப எடுக்க எனக்கு முழுநாள் இருந்தது. மத்தியானம் ஒரே பொட்டலத்தில் புளிச்சோறு தின்றோம். எனக்கு வைத்திருந்த அப்பளத்தில் பாதியை ஒடித்து உன் மகளுக்குக் கொடுத்தேன். நீ ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துவிட்டு என்னிடம் ஓடிவந்து எப்படி ஜெயித்தாய் என்று சொன்னாய். நான்கு ஆட்டத்திலும் உன் சிப்பாய் எதுவும் கடைசி வரிசை ஏறத் தேவைப்படவில்லை, அதற்கு முன்பே மடக்கிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லியிருக்கலாம். நானும் நான்கு ஜெயித்திருந்தேன். ஐந்தாவது ஆட்டத்துக்கு நம் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள்.

போன வாரம் உன் மகள் திண்டுக்கல்லிலிருந்து வந்தாள். இந்தத் தாளில் இருப்பதையெல்லாம் போனில் ஏற்றி வைத்திருந்தாள். மாமாவின் மரக்காய்களை எடுத்து நான் பலகையில் அடுக்கினேன். அவள் போனைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே நான் அடுத்த காயை நகர்த்திக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, தாளே தேவையில்ல போல" என்று சிரித்தாள்.

நீ வெள்ளை, நான் கறுப்பு. முதல் இருபது நகர்த்தல் நீதான் ஆடினாய், நான் ஒண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருடைய யானைகளும் வெட்டுப்பட்டன. அவசரத்தில் நீ ராணியை என் மந்திரிக்குப் பறிகொடுத்தாய். அதற்கும் தளராமல் அந்த மந்திரியையும் வாங்கினாய். முடிவில் எனக்கு ராணியும் நான்கு சிப்பாய்களும் இருந்தன. மூன்று சிப்பாய் என் ராஜாவுக்கு முன்னால் நகராமல் நின்றன. நான்காவது உன் ராஜாவின் வாசல்வரை போய்விட்டது. உனக்கு ஒரு குதிரையும் நான்கு சிப்பாயும். அதில் ஒரு சிப்பாய் ஓரத்துக்கு அடுத்த வரிசையில் ஓடிக்கொண்டே இருந்தது, குதிரை அதற்குக் காவல். முப்பத்தேழாவது நகர்த்தலில் அது ஒரு வீடு ஏறி என் ராணியைக் குத்தியது. ஏறினால் கடைசி வரிசை. அதற்கு நேரே இருந்தது குதிரை வீடு.

என் ராணி விலகியாக வேண்டும். உன் சிப்பாய்க்கு முன்னால் போய் அதை மறித்திருக்கலாம். நான் மறிக்கவில்லை. ராணியைத் தூக்கிக் குறுக்கே நீளமாகக் கொண்டுபோய் உன் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த அடியில் உன் கதை முடியும்.

நீ வெகுநேரம் யோசித்தாய். உன் மகள் நடுவரின் மேஜையடியில் உட்கார்ந்து யாருடையதோ செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட காய்களைப் பலகைக்கு என் பக்கமாக அடுக்கியிருந்தேன். உன் ராணி என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. நீ சிப்பாயைக் கடைசி வரிசையில் ஏற்றினாய். உன் கை என் பக்கம் நீண்டது. ராணிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், உன் கை தாண்டிப் போவதை நான் பார்த்தேன். அது குதிரையை எடுத்தது. குதிரை வீட்டில் குதிரையை வைத்தாய். விதிப்படி சரியாகச் செய்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

நடுவர் புருவத்தை உயர்த்தி உன்னை ஒரு தடவை பார்த்தார். அவர் ஏதோ பெரிய சூட்சுமம் என்று நினைத்திருப்பார். அவர் வாய் திறப்பதற்குள் நான் ராணியை நகர்த்தினேன். ஆட்டம் முடிந்தது.

உன் மகள் போனை என் முன்னால் வைத்தாள். "இங்க பாருங்க பெரியம்மா. அம்மா இந்த எடத்துல ராணி எடுத்திருந்தா ஒங்களுக்குச் செக்கு. நீங்க குறுக்க ராணிய வச்சாலும் வெட்டிட்டு மேட்டு. ரெண்டே நகட்டு. அது தெரியாமயா எங்கம்மா குதிரைய எடுத்திருக்கும்? ஒங்களுக்காக விட்டுக்குடுத்திருக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. தாளுக்குச் சட்டம் போட்டு உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப் போவதாகச் சொன்னாள். சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். "நாலு பேருக்குத் தெரியட்டும் பெரியம்மா, எங்கம்மா மனசு."

நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ தியாகி ஆகிவிடுவாய், நான் ஞாபகசக்திக்காரி ஆகிவிடுவேன். ஆனால் உனக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடைசி அப்பத்துக்குக்கூட என்னோடு மல்லுக்கு நிற்பவள் நீ. அந்த ஆட்டத்தை நீ எவ்வளவு ஆசையோடு ஆடினாய் என்பது எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். அதை இரக்கப்பட்டுக் கொடுத்ததாக மாற்றி மாட்டினால், உன்னிடமிருந்து நான் அதை இரண்டாம் தடவை பிடுங்கியதாக ஆகும்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "அது சரி, இதுக்கு முந்தின நகட்டுல நீங்க ஏன் ராணியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனீங்க? தப்பான நகட்டுன்னு போன்ல செவப்பா ரெண்டு கேள்விக்குறி போடுது. சிப்பாய்க்கு நேரா போயி நின்னிருந்தாப் போதுமாமே."

போனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஊரில் எந்த ஆட்டக்காரியும் அந்த நேரத்தில் அப்படி ஆட மாட்டாள், எதிரே இருப்பவள் ராணி எடுக்க மாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்தவளைத் தவிர.

"அவ குதிரையத்தான் எடுப்பான்னு எனக்குத் தெரியும் ஆத்தா" என்றேன்.

பிறகு வேப்பமரத்தையும், நடுவர் கையில் இருந்த சிப்பாயையும், நீ கேட்டதையும், நான் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன்.

அவளுக்குத் தெரியாததையும் சொன்னேன். அன்று சாயங்காலம் மாமா ஆட்டத்தைக் கேட்டார். நான் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். குதிரை வந்த இடத்தில், "சரியாத்தான வச்சிருக்கா சின்னவ, அது குதிரை வீடு" என்றார். நீ அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் புருஷன் பலகையை எடுத்துப் பரணில் போட்டான். மெட்ராசுக்கு நான் போனேன். அத்தனை ஆட்டத்திலும் தோற்றேன். திரும்பி வந்தபோது நீ என் பையை வாங்கிக்கொண்டு, "அங்க எப்பிடிக்கா ஆடுறாக?" என்று மட்டும் கேட்டாய். நான் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

நீ அதற்கப்புறம் காயைத் தொடவில்லை. சோறு குழையவும் இல்லை.

உனக்கு விஷயம் எப்போது தெரிந்தது என்பதை உன் மகள்தான் சொன்னாள். அவள் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் படித்துவிட்டு வந்து, வீட்டில் தோழியோடு ஆடினாளாம். குதிரை வீட்டில் ஏறிய சிப்பாயை எடுத்துவிட்டு ராணியை வைத்தாளாம். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த நீ, நாரைக் கீழே வைத்துவிட்டு, "அங்க எப்பிடி ராணி வரும்?" என்று கேட்டாயாம். எங்கேயும் வரும் அம்மா, அதுதான் ரூல் என்றாளாம். நீ எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாயாம்.

அந்த வாரம்தான் நீ என் வீட்டுக்கு வந்தாய். அதற்குள் தனித்தனிக் குடித்தனம் ஆகியிருந்தோம். ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்தாய். கிண்ணத்தை என் கையில் கொடுத்து உட்கார்ந்துகொண்டு கேட்டாய்: "அக்கா, அன்னைக்கு அந்தப் போட்டியில விதி சொன்னாகளே, சிப்பாய் ஏறுறதப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? மறந்துபோச்சு" என்றேன்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "ஒனக்கா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். கிண்ணத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனாய்.

அடுத்த மாதம் என் மூத்த பேத்திக்குக் காதுகுத்து. நீ வரவில்லை. ஓரகத்தி வராத காதுகுத்து என்று ஊர் பேசியது. அந்த மனவருத்தத்தை இருபது வருஷம் சுமந்தேன். உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காமல் திரும்பினேன். நீ படுக்கையில் விழுந்தபோதுகூட வாசலில் நின்று விசாரித்துவிட்டு வந்தேன். என் பட்டியலில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. ஏன் வரவில்லை என்று மட்டும் ஒருநாளும் நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே உன்மேல் கோபப்பட்டேன். கோபத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும் மற்றதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு உன் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா இருந்தப்ப அதுகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் தாளைக் கையில் எடுத்துப் பென்சில் வரியை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை உரக்க வாசிக்கவில்லை. நான் போட்டு வைத்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. தாளை நான்காக மடித்துப் பலகையின்மேல் வைத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். நம் பக்கத்தில் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். சண்டைக்காரிகூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவாள். உன் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன் பெரியம்மா" என்றாள்.

எட்டு நாள் ஆகிறது. போன் வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை.

அவள் போன பிறகு பலகையை நான் கலைக்கவில்லை. உன் சிப்பாயைக் கடைசி வரிசையில் ஏற்றிய நிலையில் அப்படியே இருந்தது. அங்கே நிற்கும் குதிரையை எடுத்துவிட்டு ராணியை வைக்கலாம் என்று மாமாவின் காய்ப்பெட்டிக்குள் மறுபடியும் கை விட்டுத் தேடினேன். வெள்ளை ராணி இப்போதும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் பரணில் கிடந்ததில் எங்கேயோ தொலைந்திருக்கிறது. உன் மகளோடு ஆட்டத்தை அடுக்கும்போதே ராணிக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையைத்தான் வைத்திருந்தோம். அது வெட்டுப்பட்டு, அன்றைக்குப் போலவே, என் முழங்கைப் பக்கம் கிடந்தது. அதை எடுத்துக் குதிரை வீட்டில் வைத்தேன். என் ராணியைக் குறுக்கே கொண்டுவந்தேன். நீ வெட்டினாய். என் ராஜாவைச் சாய்த்தேன்.

இனி யாராவது அந்த ஆட்டத்தைக் கேட்டால் எல்லா நகர்த்தலையும் சொல்வேன். ஆனால் முதல் நகர்த்தலிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். தோளில் குழந்தையோடு நீ வந்து நின்று, "என்னக்கா சொன்னாக?" என்று கேட்டதிலிருந்து ஆரம்பிப்பேன்.